ஹுமேராவின் தொண்ணூற்றொரு கிலோ

ஆபித் பாஷாவின் நீச்சல் குளத்தில், ஆபீஸ் ரூமை ஒட்டிய சுவரில் ஒரு போர்டு உண்டு. அரை மணி நேரம் நீந்தினால் எத்தனை கலோரி எரியும் என்று சொல்கிற போர்டு. பட்டர்ஃப்ளை 480, ஃப்ரீஸ்டைல் 340, தவளை நீச்சல் 185, மல்லாந்து நீந்தினால் 170. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வயிறே இல்லாத ஒரு ஆள் நீந்துகிற படம். அந்தப் போர்டுக்குக் கீழே தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற அறுபது பேரில், அடியில் பொடி எழுத்தில் இருந்த கடைசி வரியைப் படித்தவள் ஹுமேரா ஒருத்திதான். '70 கிலோ எடையுள்ளவருக்கு' என்றது அந்த வரி.

அவள் வேலை அப்படி. ஆம்பூர் பைபாஸில் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஸ்டடி பார்ப்பவள். தையல் லைனில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குப் பின்னால் ஸ்டாப் வாட்சுடன் நின்று, ஒரு ஷூவின் மேல்தோலைத் தைக்க எத்தனை நொடி ஆகிறது, அதில் கை ஓடிய நேரம் எவ்வளவு, நூல் அறுந்து நின்ற நேரம் எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். பதினான்கு வருஷமாக அடுத்தவர்களின் உழைப்பை அளப்பவள். அந்த லைனில் அவளைப் பிடிக்கும் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்காது. அதற்காக அவள் ஒரு நாளும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை.

தூக்கத்தைக் கெடுத்தது வேறு. எடை. கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டைக் கையில் வாங்கும் முன்பே, "இன்னா ஹுமேரா, போன தபாவுக்கு இன்னும் ஜாஸ்தி ஆய்ட்டியே" என்று யாராவது ஒருத்தி ஆரம்பித்துவிடுவாள். கேட்கிறவள் ஒன்றும் கொடியிடைக்காரி அல்ல. ஆனாலும் கேள்வி என்னவோ ஹுமேராவுக்குத்தான் வரும். கிளினிக்கில் எடை பார்க்கும்போது, "சத்தமா சொல்லாதீங்க, எழுதிக்குங்க" என்று நர்ஸிடம் கெஞ்சுவாள். அந்த எண் அவள் கணவன் ரிஹானுக்கே தெரியாது. முப்பத்தொன்பது வயதில், போன நவம்பரில் நீச்சல் கற்றுக்கொள்ள வந்தபோதும், விண்ணப்பத்தில் 'எடை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டாள்.

தண்ணீரில் இறங்கிய மூன்றாவது வாரம் அவள் மிதந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடை, தலைக்கு அதோடு தைத்த குல்லா, எல்லாவற்றோடும் மிதந்தாள். பக்கத்தில் அவளோடு சேர்ந்த கிரேஸி, ஒல்லிப்பிச்சான், கல்லைக் கட்டிவிட்ட மாதிரி கீழே போய்க்கொண்டிருந்தாள். இருமித் துப்பிவிட்டு, "உன்னப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்குதுடி" என்றாள் கிரேஸி. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் அவள், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். இந்த உடம்பைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்தது ஹுமேராவின் ஆயுளில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

பெண்களுக்கான நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ். அந்த ஒரு மணி நேரத்தில் அவளை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை, அவளும் யாரையும் அளப்பதில்லை. அது இல்லாத ஒரு வாரத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குத்தான் ஒரு திங்கட்கிழமை வேட்டு வைத்தார் ஆபித் பாஷா. நீந்தி முடித்து, புர்கா மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்களை நிறுத்தி, அடுத்த மாதத்திலிருந்து லேடீஸுக்கு மதியம் இரண்டு மணி என்றார். ஹுமேராவும் அவரும் தனியாக இருந்தால் உருதுவில்தான் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் கிரேஸியும் மற்றவர்களும் நின்றதால் அவள் தமிழிலேயே கேட்டாள்.

"ரெண்டு மணிக்கா? இன்னா பாய் இது, ரெண்டு மணி வெயில்ல அந்தத் தண்ணில அரிசியப் போட்டா சோறாய்டும். வேலைக்குப் போறவ எவ வருவா அந்த நேரத்துல?"

"நான் இன்னாம்மா பண்றது. சூரியபிரகாஷ் சார் பேட்ச்சுல இருபது பேரு. மாரத்தான், சைக்கிள்னு எல்லாம் சீரியஸ் ஆளுங்க. ஆறு மணிதான் வேணுங்கறாங்க."

"நாங்க இன்னா, விளையாடவா வர்றோம்?"

ஆபித் பாஷா சுவரிலிருந்த போர்டைக் காட்டினார். "நீயே பாரு. அவங்க அடிக்கறது பட்டர்ஃப்ளை. நானூத்தி எண்பது. நீங்க தலையத் தூக்கிக்கிட்டு தவளையாட்டம் போறீங்க. நூத்தி எண்பத்தஞ்சு. பாலாத்துல தண்ணி ஓடுதா? டேங்கர்ல கொண்டாந்து ரொப்பறேன். அந்தத் தண்ணில யாரு ஜாஸ்தி உழைக்கறாங்களோ அவங்களுக்குக் காலைல. கம்மியா உழைக்கறவங்க மதியம் வரட்டும்."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் ஹுமேரா கெஞ்சியிருப்பாள், ஒருவேளை அழுதும் இருப்பாள். மனுஷர் 'உழைப்பு' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார். அதுவும் யாரிடம்? அவளுக்குக் காது மடல் சூடானது.

"உழைப்ப அளக்கறதுதான் பாய் என் வேலையே. அளந்துருவோமா?"

"எதை?"

"அவங்கள்ல ஒரு ஆளு, எங்கள்ல ஒரு ஆளு. ஆளுக்கு அரை மணி. உங்க போர்டு கணக்கே போதும், நான் வேற கணக்கு கேக்கல. ஒரே ஒரு கண்டிஷன். கை ஓடற நேரத்துக்கு மட்டும்தான் கலோரி. சுவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா வாட்சும் நிக்கணும்."

ஏழு மணி பேட்ச்சுக்காக வந்து நின்றிருந்த சூரியபிரகாஷ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற இன்ஜினியர். கெட்டவன் இல்லை. உலகத்தில் பட்டர்ஃப்ளை தெரியாதவர்கள் மேல் கொஞ்சம் பரிதாபப்படுவான், அவ்வளவுதான்.

"மேடம், பட்டர்ஃப்ளைக்கும் தவளைக்கும் போட்டியா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

"நீங்க நீஞ்சுங்க சார். யோசிக்கற வேலைய நான் பாத்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சூரியபிரகாஷும் சிரித்தான். சிரித்துவிட்டு, "அப்போ ரெண்டு பேருக்கும் எடை போட்டுக்கணும்" என்றான். "எடை இல்லாம கலோரி வராது. என் வாட்ச்சே முதல்ல அதத்தான் கேக்குது."

"எடை போடறதுக்கு நம்மகிட்ட தராசு இல்லியா?" என்றார் ஆபித் பாஷா உற்சாகமாக. "எல்லாரும் பாக்கற மாதிரி கரும்பலகைல எழுதிப்போட்டுருவோம். அப்புறம் பேஜார் இருக்கக் கூடாது பாரு."

கரும்பலகை என்றதும் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்கள்.

உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து, மறுநாள் கிரேஸியும் ஹுமேராவும் கணக்குப் போட்டார்கள். பெண்களில் நன்றாக நீந்துகிறவள் இப்போது கிரேஸிதான், அவள் போவதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிரேஸி ஐம்பத்தேழு கிலோ. போர்டில் உள்ள 185ஐ எழுபதால் வகுத்து ஐம்பத்தேழால் பெருக்கினால் நூற்றைம்பது வந்தது. சூரியபிரகாஷ் எத்தனை முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இருநூறைத் தாண்டிவிடுவான். ஹுமேரா வாயைத் திறக்காமல், துண்டுச் சீட்டில் இன்னொரு எண்ணை வைத்துப் பெருக்கினாள். இருநூற்று நாற்பது வந்தது. சீட்டைக் கசக்கிக் கையில் மூடிக்கொண்டாள்.

கிரேஸி நர்ஸ். ஆளைப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். "நீதான்டி போவணும்" என்றாள்.

"மாட்டேன்."

"ஜெயிக்கறதுக்கு இங்க இருக்கறதே நீ ஒருத்திதான்."

"அத்தினி ஆம்பளைங்க முன்னாடி தராசுல ஏறச் சொல்றியா? இருபது பேரு படிப்பாங்க கிரேஸி. சாயங்காலம் ஊரே படிக்கும். கம்பெனியில நான் நிக்கற லைன்ல இருக்கறவளுங்களுக்கு இத விட வேற இன்னா வேணும்? ரெண்டு மணிக்கே வெச்சிக்கட்டும், நான் நீஞ்சவே இல்ல."

இரண்டு நாள் அந்தப் பேச்சிலேயே நின்றாள். வியாழக்கிழமை காலை உள்ளே நுழைந்தபோது, கேட்டில் புது எழுத்துகள் பளபளத்தன. 'லேடீஸ் – மதியம் 2 மணி.' பச்சைப் பெயின்ட். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள், ஒட்டியது. போட்டி ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமையே முடிவை எழுதிக் காயவைத்திருந்தார் ஆபித் பாஷா.

விரலில் இருந்த பச்சையை ஹுமேரா அவருடைய ஆபீஸ் ரூம் கதவில் நன்றாகத் தேய்த்துத் துடைத்தாள். பிறகு கிரேஸியைத் தேடிப் போய், "எம் பேரக் குடுத்துரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். அந்தக் குளம் இருக்கிற இடம் முன்பு ஆபித் பாஷாவின் தோல் குடோன். முப்பது வருஷம் பச்சைத்தோல் வியாபாரம் செய்தவர். கறிக்கடைகளிலிருந்து உப்புப் போட்டு வருகிற ஆட்டுத்தோலை நிறுத்து வாங்கி, ஈரத்துக்கும் உப்புக்கும் கழிவு போட்டு எழுதிக்கொண்டு, தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு விற்பார். வியாபாரம் படுத்ததும் குடோனை இடித்துவிட்டுக் குளம் வெட்டினார். பழைய இரும்புத் தராசை மட்டும் எடைக்குப் போட மனசு வராமல் ஆபீஸ் ரூமில் வைத்திருந்தார். கீழே ஏறி நிற்க ஒரு பலகை, மேலே ஒரு தண்டு, அதில் நகர்கிற ஒரு குண்டு. குண்டைத் தள்ளித் தள்ளித் தண்டு சமமாக நிற்கிற இடத்தில் எடையைப் படிக்க வேண்டும்.

முதலில் சூரியபிரகாஷ் ஏறினான். குண்டைத் தானே தள்ளினான், தானே படித்தான், "அறுபத்து நாலு" என்று சொல்லித் தானே சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் எழுதினான். அடுத்து ஹுமேரா. வாசலில் நான்கைந்து ஆண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை அவள் ஏறியதும் கிறீச்சிட்டது. ஒருத்தன் தொண்டையைக் கனைத்தான். குண்டை ஆபித் பாஷா தள்ளினார். அது தொண்ணூற்றொன்றில் போய் நின்றதை ஹுமேரா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டாள். அவர் சாக்பீஸை எடுக்கும்போதே இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். இவ்வளவுதானே, எழுதிவிட்டார்கள், இனிமேல் எழுத ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நேரம் பார்த்தது ஃபீபி. பெண்கள் நேரத்தில் குளக்கரையில் காவல் நிற்கிற பெண், ஆபித் பாஷாவிடம் சம்பளம் வாங்குகிறவள். கறாரான பொண்ணு என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். ஐந்தரைக்கு சூரியபிரகாஷ் இறங்கினான். பட்டர்ஃப்ளை பார்க்க அழகாகத்தான் இருந்தது, இரண்டு கையும் தண்ணீரை வாரி அடிக்க ஆள் பாதி வெளியே வந்து வந்து போனான். இரண்டு நிமிஷத்தில் சுவரைப் பிடித்தான். ஃபீபி வாட்சை நிறுத்தினாள். மறுபடி ஒன்றரை நிமிஷம், மறுபடி சுவர். அப்புறம் ஃப்ரீஸ்டைல், மூச்சு வாங்கல், சுவர். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஹுமேராவுக்கு அது தினமும் பார்க்கிற காட்சிதான். புது மிஷினில் வேகம் காட்டுகிறவர்களுக்கு நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஆறு மணிக்கு ஆண்கள் வெளியே போனார்கள், கேட் சாத்தப்பட்டது. ஹுமேரா இறங்கினாள்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. கையை முன்னால் நீட்டி, விரித்து, காலை மடக்கி உதை. தலை தண்ணீருக்கு மேலே. பதினைந்தாவது நிமிஷம் நனைந்த துணி பின்னாலிருந்து ஆள் பிடித்து இழுப்பதுபோல் இழுத்தது. இருபத்திரண்டாவது நிமிஷம் வலது கெண்டைக்கால் சுண்டி இழுத்து இறுகியது. வாயில் ஒரு மடக்குக் குளோரின் தண்ணீர் போனது. சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"புடிக்காத!" கரையோரமாகவே நடந்து வந்த கிரேஸி கத்தினாள். "கால விடு, கையால போ! நீ முங்க மாட்ட, முங்கறவ நானு!"

உண்மைதான், அவள் முங்கவில்லை. ஒரு கால் வேலை செய்யாதபோதும் அந்த உடம்பு அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. கல்யாண வீடு கல்யாண வீடாக மட்டம் தட்டின அதே உடம்பு. ஹுமேரா கையை மட்டும் விரித்து விரித்துப் போனாள். கால் மெல்ல விட்டுக்கொடுத்தது. ஆமை வேகம்தான், ஆனால் நிற்கவில்லை. ஃபீபி விசில் ஊதியபோது வாட்ச் ஒரு தடவைகூட நிறுத்தப்படாமல் முப்பது நிமிஷம் ஓடியிருந்தது. பெண்கள் கை தட்டினார்கள். படியேற முடியாமல் நின்றவளைக் கிரேஸியும் இன்னொருத்தியும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

ஈர உடையின் மேலேயே புர்காவை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு அவள் வரும்போது மணி ஏழு. ஏழு மணி பேட்ச் முழுவதும் நின்றிருந்தது. ஃபீபி கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து போனில் கணக்குப் போட்டாள்.

"சூரியபிரகாஷ் சார், பட்டர்ஃப்ளை எட்டு நிமிஷம், ஃப்ரீஸ்டைல் பதினொன்றரை நிமிஷம். மொத்தம் இருநூத்தி முப்பத்தாறு." குரல் இறங்கியது. "ஹுமேராக்கா, தவளை நீச்சல் முப்பது நிமிஷம். இருநூத்தி முப்பத்துமூணு."

ஆண்கள் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. "மூணு கலோரிலயா!" என்று சூரியபிரகாஷே திகைத்துப் போய்ச் சொன்னான். "மேடம், சான்ஸே இல்ல, சூப்பரா பண்ணீங்க" என்று கையை நீட்டி, அவள் கை கொடுக்க மாட்டாள் என்பது நினைவு வந்து கும்பிட்டான்.

ஹுமேரா அவனைப் பார்க்கவில்லை. இருநூற்று நாற்பது வர வேண்டும். சீட்டில் போட்ட கணக்கு தப்பாது. அன்று காலையில் முதல் தடவையாக அவள் கரும்பலகையை நிமிர்ந்து பார்த்தாள். 'சூரியபிரகாஷ் – 64. ஹுமேரா – 88.'

எண்பத்தெட்டு.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள், அவளுடைய மாமா இரண்டு பேர் தோல் வியாபாரிகள். தண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குச் சரியாக எழுதுவார்கள். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவனுக்கு மூன்று கிலோ கழிவு. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள். ஆபித் பாஷாவின் கை முப்பது வருஷம் செய்ததைச் செய்துவிட்டது. அவருக்கே தெரிந்திருக்காது.

இப்போது அவள் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். மூன்று கலோரியில் தோற்றாள் என்று ஊர் மெச்சும். எடை என்ன என்று கேட்டால் எண்பத்தெட்டு என்று கரும்பலகையே சாட்சி சொல்லும். வாழ்க்கையில் ஒருத்தரும் அவளுக்கு ஒரு கிலோகூடக் குறைத்துச் சொன்னதில்லை, இங்கே மூன்று கிலோ இனாமாக வந்திருக்கிறது. பேசினால், இத்தனை பேர் காதிலும் அந்த எண் விழும், அதையும் அவளே தன் வாயால் சொல்ல வேண்டும்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றாள் ஹுமேரா.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கத்தினாள்.

"எண்பத்தெட்டு இல்ல பாய்! நான் தொண்ணூத்தி ஒரு கிலோ! தொண்ணூத்தி ஒண்ணு! சரியா எழுதுங்க!"

"அது எப்படிம்மா, நான்தான் பாத்து எழுதனேன்" என்று ஆபித் பாஷா ஆரம்பித்தார்.

"எனக்கப்புறம் யாரும் தராசுல ஏறல. குண்டு எங்க நிக்குதுன்னு போய்ப் பாருங்க."

கடைசியில் சூரியபிரகாஷ்தான் உள்ளே போனான். தராசின் மேல் குனிந்து பார்த்தான். அவன் நினைத்திருந்தால் குண்டை ஒரு விரலால் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. வெளியே வந்து, "தொண்ணூத்தி ஒண்ணுதான்" என்றான். அதற்குமேல் கணக்கை அவனே போட்டுக்கொண்டான். "இருநூத்தி நாப்பது. மேடம் ஜெயிச்சிட்டாங்க."

ஆபித் பாஷா கரும்பலகையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். காது வரை சிவந்துபோனார். "கைப் பழக்கம்மா" என்றார் கம்மிய குரலில். "வேணும்னு பண்ணல. அல்லா மேல சத்தியமா, கைப் பழக்கம்."

"தோலுக்குக் கழிவு போடுங்க பாய், நான் கேக்க மாட்டேன். இது நானு. எனக்கு எவனும் கழிக்க வேணாம்."

ஈரம் சொட்டிய புர்காக் கையாலேயே அவள் 88ஐ அழித்தாள். சாக்பீஸை வாங்கி, சூரியபிரகாஷ் எழுதியிருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக 91 என்று எழுதினாள். ஈரத்தில் சாக்பீஸ் சரியாகப் பிடிக்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.

"அந்த கேட்ல இருக்கற பெயின்ட்ட நாளைக்குள்ள சுரண்டிருங்க பாய். ஆறு மணிக்கு வர்றோம்."

"சரிம்மா" என்றார் அவர்.

ஃபீபி வழக்கம்போல டஸ்டரை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போனாள்.

"அத அழிக்காத" என்றாள் ஹுமேரா. "இருக்கட்டும்."

கேட்டுக்கு வெளியே ரிஹான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து காத்திருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு அமுங்கு அமுங்கியது. மற்ற நாளாயிருந்தால் ஹுமேரா கால் விரலைத் தரையில் ஊன்றிப் பாரத்தைக் குறைத்துக்கொள்வாள். இன்று இரண்டு காலையும் எடுத்துக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டாள்.

"உள்ள இன்னா அவ்ளோ சத்தம்?" என்று ரிஹான் திரும்பிக் கேட்டான். "தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி ஒண்ணுன்னு கத்தற. ரோடு வரைக்கும் கேக்குது."

"என் எடை" என்றாள் ஹுமேரா. "வண்டிய எடு."